சின்னவளின் தலையணை

எனக்கு எண்பத்தாறு வயது. ஏழு பிள்ளைகள் வளர்த்தேன். ஒன்றைக்கூட மண்ணுக்குக் கொடுக்கவில்லை. எங்கள் காலத்தில் இப்படிச் சொல்லக்கூடிய பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், அதனால் கொஞ்சம் தலைநிமிர்ந்துதான் சொல்கிறேன். ஆனால் ஏழும் உன்னுடையவைதானா என்று யாராவது கேட்டால், ஆறைப் பற்றி உடனே ஆமாம் என்பேன். மூத்தவனைப் பற்றிக் கேட்டால், அவன் முழித்திருக்கிறானா தூங்குகிறானா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன்.

இந்த வீட்டில் ஒரு சின்னத் தலையணை இருக்கிறது. நீலமும் வெள்ளையுமாகக் கோடு போட்ட துணி, உள்ளே இலவம் பஞ்சு. நீளம் ஒரு முழம்கூட இராது. மேலுறையை மாதம் தவறாமல் துவைத்து மாட்டுகிறேன், கிழிந்தால் புதிது தைக்கிறேன். உள்ளே மட்டும் கை வைப்பதில்லை. ஒரே ஒரு தடவை வைத்தேன். அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். நான் ஞானோபதேசம் படிக்கப் போன இடத்தில் எழுத்துக் கற்றவள், அதற்கு மேல் பள்ளிக்கூடம் பார்த்ததில்லை. ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு காலைப்பொழுது ஆகிறது. அவசரப்படுகிறவர்கள் வேறு எதையாவது படிக்கலாம்.

எழுத வைத்தவள் மூத்தவனின் கடைசி மகள். வாத்தியார் வேலைக்குப் படிக்க வெளியூர் போய் விடுதியில் தங்கியிருக்கிறாள். லீவுக்கு வந்தவள் கண்ணுக்குக் கீழே கருத்துப்போய் நின்றாள். “பாட்டி, அங்க படுத்தா கண்ணே மூட மாட்டேங்குதுலா. மாத்திரை வேணாம். அந்தச் சின்னத் தலையணையக் குடுங்க, இல்லன்னா உங்ககிட்ட வேற ஏதாச்சும் இருக்கா?” என்றாள். இருக்கிறது. கசகசாவை ஊறவைத்து மையாக அரைத்து, ஒரு சிட்டிகை அளவு சூடான பாலில் கலக்கிக் குடிக்கலாம். வெந்நீரில் கால் வைத்துத் துடைத்துவிட்டு உள்ளங்காலில் நல்லெண்ணெய் தேய்க்கலாம். மருதாணிப் பூவை நிழலில் உலர்த்தித் தலைமாட்டில் வைக்கலாம். ஜாதிக்காயைக் கல்லில் பால் விட்டு மூன்று இழைப்பு இழைத்துக் கொடுக்கலாம். நான்காவது இழைப்பு ஆகாது. கடல் தாண்டி நம் ஊருக்குப் போய்ச் சேர்வது காய்ந்து வற்றிய காய். இங்கே பினாங்கில் கிடைப்பது மலையிலிருந்து நேரே கடைக்கு இறங்கி வருவது, விரலில் எண்ணெய் ஒட்டும். அந்தக் கணக்குத் தெரியாமல் இழைத்தால் என்ன ஆகும் என்று நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இந்த மருந்துகள் எல்லாம் பலிக்கும். பலிக்காமல் போனது ஒருத்தியிடம் மட்டும்தான். அவள் என் ஓரகத்தி, என் கொழுந்தனின் மனைவி. வீட்டில் நான் அவளைச் சின்னவள் என்றுதான் கூப்பிடுவேன்.

என் வீட்டுக்காரரும் அவர் தம்பியும் துறைமுகத்தில் தொங்கானில் வேலை பார்த்தார்கள். கப்பல் தள்ளி ஆழத்தில் நிற்கும், அதிலிருந்து சரக்கை இறக்கிக் கரை சேர்க்கிற பெரிய படகுக்குத்தான் தொங்கான் என்று பெயர். மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த சந்தில், ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் வீடுகளில் ஒன்று எங்களுடையது. வாசல் குறுகல், உள்ளே போகப் போக நீளம். நடுவில் வானம் பார்த்த முற்றம். வெயில் விழுவது அங்கே மட்டும்தான். நான் பதினேழு வயதில் அந்த வீட்டுக்கு வந்தேன். வரும்போது என் அம்மா சொன்னபடி, எங்கள் கிணற்றடி மண்ணை ஒரு பிடி துணியில் முடிந்து கொண்டுவந்தேன். நாகப்பட்டினத்துப் பக்கம் கப்பல் ஏறுகிற எல்லாரும் செய்வதுதான். போன இடத்தில் அந்த மண்ணைப் பானைத் தண்ணீரில் கரைத்து, பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையைத் தேய்த்துவிட்டால் மண் அடியில் இறங்கித் தண்ணீர் தெளிந்துவிடும். அந்தத் தெளிவை வீட்டில் எல்லாரும் குடிக்க வேண்டும். புது ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளும், தூக்கமும் வரும் என்பார்கள். எனக்கு வந்தது. “கப்பல் சங்கு ஊதினாலும் இவ எழுந்திரிக்க மாட்டா, இவ விடுற குறட்டைக்குக் கப்பல்தான் கரைக்கு வந்துரும்” என்று என் வீட்டுக்காரர் சாகும்வரை சொல்லிச் சிரித்தார்.

நன்றாகத் தூங்குகிறவள் என்ற பெயரோடு, மருந்து தெரிந்தவள் என்ற பெயரும் எனக்குச் சந்தில் உண்டு. புதிதாகக் கப்பலில் வந்து தூக்கம் பிடிக்காமல் தவிக்கிற பெண்கள் என்னிடம் வருவார்கள். ஆனால் கல்யாணமாகி ஆறு வருஷம் எனக்குப் பிள்ளை இல்லை. அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. மருந்து வாங்க உள்ளே வரும்போது மட்டும் கைப்பிள்ளையை வாசலில் யாரிடமாவது கொடுத்துவிட்டு வருவார்கள். நானும் பார்க்காதவள் மாதிரி ஜாதிக்காய் இழைத்துக் கொடுப்பேன்.

சின்னவளுக்கு ஒரு பிள்ளை பிறந்திருந்தது. கொழுந்தன் இங்கே வந்த பிறகு ஊரில் பிறந்து, அன்றைக்கே தவறிவிட்டது. வந்த கடிதத்தில் பிறந்தது ஒரு வரி, தவறியது ஒரு வரி. கொழுந்தன் ஒருநாள் வேலைக்குப் போகவில்லை, மறுநாள் போனார். அதோடு அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் முடிந்துபோயிற்று. ஒருநாள் பிள்ளைக்கு எவ்வளவு துக்கம் என்று எனக்கு அப்போது தெரியாது. பிறகு அவளைக் கூட்டிக்கொள்ள ஏற்பாடு செய்தார். கப்பலில் வந்தவர்களை, நோய் எதுவும் இருக்கிறதா என்று பார்க்கப் பக்கத்துச் சின்னத் தீவில் ஒரு வாரம் அடைத்துவைத்து, துணிமணியெல்லாம் ஆவியில் வேகவைத்துக் கொடுப்பார்கள். அவள் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு இந்தத் தலையணையை மட்டும் தர மாட்டேன் என்று கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாளாம். அங்கிருந்தவன் சலித்துப்போய் விட்டுவிட்டானாம். கரையில் இறங்கியபோது நான் பார்த்தேன். தலையணையை இடது தோளில் சாய்த்திருந்தாள். வலது கை அதன் முதுகை மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது. தலையணைக்கு முதுகு ஏது? ஆனால் எனக்கு அப்படித்தான் தோன்றியது. அப்போதே கேட்டிருக்கலாம். ‘பொண்ணு கொஞ்சம் மந்தம் போலிருக்கு’ என்று நினைத்துக்கொண்டு மூட்டையை வாங்கிக்கொண்டேன்.

அவள் தூங்கவில்லை. தூக்கம் வராதவர்களை எனக்குத் தெரியும். புரளுவார்கள், எழுந்து தண்ணீர் குடிப்பார்கள், பெருமூச்சு விட்டு அடுத்தவரையும் எழுப்புவார்கள். இவள் அசையவே மாட்டாள். வெளியூரில் மேற்கே தலை வைக்க வேண்டும் என்று நான் சொல்லிக் கொடுத்தபடி மேற்கே தலைவைத்து, கண்ணைத் திறந்துகொண்டு கிடப்பாள். உள் அறையில் பிள்ளையைத் தூங்கப்போட்டுவிட்டு அடுப்படியில் வேலை செய்கிற தாய், கை வேலையில் இருந்தாலும் காதை அந்த அறையிலேயே விட்டிருப்பாளே, அப்படி ஒரு கிடப்பு. பகலிலும் அதுதான். அரிசி களைந்துகொண்டே இருப்பாள், திடீரென்று கை நின்றுவிடும்.

“அக்கா, யாரு வீட்டுல புள்ள அழுவுது?”

“எந்த வீட்டுலயும் இல்லையேடீ.”

“சரிக்கா” என்று மறுபடி அரிசியில் கை வைப்பாள். கொஞ்ச நேரத்தில் தலை மறுபடி ஒரு பக்கம் சாயும். முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு அவள் தலை சாயும்போதெல்லாம் நானும் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்க ஆரம்பித்தேன். ஒன்றும் கேட்காது. ஒன்றும் கேட்காத அந்த வீடு எனக்கு முதல் முறையாகப் பெரிதாகத் தெரிந்தது.

மருந்து எல்லாம் கொடுத்துப் பார்த்தேன். கசகசா கேட்கவில்லை. எண்ணெய் கேட்கவில்லை. ஜாதிக்காய் மூன்று இழைப்பு கேட்கவில்லை என்று கோபத்தில் நான்கு, ஐந்து என்று இழைத்துவிட்டேன். அன்று அவள் கண் பாதி மூடி, வெள்ளை விழி தெரிய மல்லாந்து கிடந்தாள். வாய் மட்டும் பேசியது. “நனையுது, நனையுது” என்றாள். கொடியில் கிடக்கிற துணியைச் சொல்கிறாள் என்று எழுந்து ஓடினேன். வெளியே மழைதான். கொடியில் ஒரு துணியும் இல்லை. திரும்பி வந்தபோது, “அந்தச் செவுத்துக்கு மேல கூரை இல்ல” என்று தெளிவாக, பகலில் பேசுகிற குரலில் சொன்னாள். மறுநாள் முழுக்க வாந்தி எடுத்தாள். அன்றிலிருந்து என் வீட்டில் நான்காவது இழைப்பு இல்லை.

மார்க்கெட் தெருவில் நாட்டு மருந்துக்கடை வைத்திருந்த பாயிடம் போனேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். “தங்கச்சி, தூக்கம் வராம கெடக்குறது வேற, வர்ற தூக்கத்த வேணாம்னு நிறுத்தி வச்சிருக்கிறது வேற. முதல்ல சொன்னதுக்கு எங்கிட்ட மருந்து இருக்கு” என்றார். எனக்குக் கோபம் வந்தது. கடைக்காரருக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்துவிட்டு அவரே, “மருதாணிப் பூவைத் தலைக்கு அடியில வைக்காதீங்க, தலையணையைப் பிரிச்சுப் பஞ்சோட கலந்து தைச்சுப் பாருங்க” என்று சொல்லி அனுப்பினார்.

அதற்குள் விஷயம் முற்றிவிட்டது. கொழுந்தன் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னார். “அண்ணி, அடுத்த கப்பல்ல இவள ஊருக்கு அனுப்பிரலாம்னு இருக்கேன். இவ இப்படி முழிச்சுக்கிட்டுக் கெடந்தா எனக்கும் தூக்கம் இல்ல. தொங்கான்ல ஒரு நிமிஷம் கண்ணு அசந்தா காலு போயிரும்.” கப்பலுக்குப் பத்து நாள்தான் இருந்தது. அவர் கை கழுவப் போனதும் சின்னவள் என் காலைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா, என்னை அனுப்ப விடாதீங்க. அங்க போனா நான் அந்தச் செவுத்துகிட்டயே உக்காந்துருவேன். அப்புறம் எந்திரிக்க மாட்டேன்.” எந்தச் சுவர் என்று நான் கேட்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அவள் போவதைவிட, இவளுக்கு என் மருந்து பலிக்கவில்லை என்று சந்து பேசுமே, அதுதான் என்னைக் குத்தியது. “போக விடமாட்டேன், எழுந்திரு” என்றேன்.

கப்பலுக்கு மூன்று நாள் முன்பு மருதாணிப் பூ கிடைத்தது. அவளைச் சமாதானம் சொல்லிப் பூசைக்கு அனுப்பிவிட்டு, முற்றத்தில் உட்கார்ந்து தலையணையின் தையலைப் பிரித்தேன். பஞ்சுக்குள் கையை விட்டால் நடுவில் ஏதோ தட்டுப்பட்டது. எலுமிச்சம்பழ அளவு ஒரு துணி முடிச்சு. பஞ்சு குளுமையாக இருந்தது, அந்த முடிச்சு மட்டும் வெதுவெதுவென்று இருந்த மாதிரி எனக்கு ஞாபகம். பிறகு நடந்ததெல்லாம் சேர்ந்து அப்படி நினைக்க வைக்கிறதோ என்னவோ. முடிச்சு மேல் முடிச்சாக ஏழெட்டுப் போட்டிருந்தாள். பல்லால் அவிழ்த்தேன். மண். சாம்பல் நிறத்தில் மணலாக, ஒரு புல்வேரும் அதில் கிடந்தது.

எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! அட மடச்சி, ஊர் மண்ணைக் கொண்டுவந்து கரைத்துக் குடிக்காமல் தலைக்குள் வைத்துத் தைத்துக்கொண்டு, தூக்கம் வரவில்லை என்றால் எப்படி வரும்? என் மருந்தில் குறை இல்லை, இவள் வழக்கத்தை மறந்ததுதான் குறை. ஒரு துளி சிந்தாமல் பானையில் கொட்டிக் கரைத்தேன். தேற்றாங்கொட்டையைத் தேய்த்துவைத்தேன். துணியை உதறிப் பஞ்சோடு உள்ளேயே திணித்து, பூவையும் கலந்து தைத்தேன். சாயங்காலத்துக்குள் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்துவிட்டது. சோற்றோடு நாலு பேருக்கும் அதையே ஊற்றினேன். அன்று புழுக்கம். நான் இரண்டு குவளை குடித்தேன்.

அவள் தூங்கினாள். படுத்ததும் கை கால் எல்லாம் அவிழ்த்துவிட்ட மாதிரி தளர்ந்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். காலையில் ஆண்கள் வேலைக்குப் போன பிறகும், வெயில் முற்றத்துச் சுவரில் பாதி இறங்கும்வரை தூங்கினாள். நான் சட்டியை ஓசைப்படாமல் வைத்து, ஓசைப்படாமல் எடுத்து, ராணி மாதிரி நடமாடிக்கொண்டிருந்தேன். எழுந்து வந்தவள் தலையணையைத் தோளில் போட்டுத் தட்டினாள். தட்டிய கை நின்றது. இரண்டு கையாலும் அமுக்கிப் பார்த்தாள்.

“அக்கா, இதுக்குள்ள இருந்தது?”

“கரைச்சுட்டேன். குடிக்க வேண்டியதத் தலைக்குள்ள வச்சுத் தச்சிருக்கியே, கூறு கெட்டவளே. நேத்து நீ குடிச்ச தண்ணி அதுதான். எப்படித் தூங்கினே பாத்தியா?”

“எல்லாத்தையுமா?”

“ஒரு துளி விடாம.”

“யாரு யாருக்கா குடிச்சீங்க?”

“நாலு பேரும்தான். நான் ரெண்டு குவளை.”

அழுவாள், கத்துவாள் என்றால் நானும் கத்தியிருப்பேன். அவள் உட்கார்ந்து, மடியில் தலையணையை வைத்துக்கொண்டு, சோறு வடிப்பதைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள். அந்தப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்க நேரம் கிடைக்கவில்லை. வீட்டில் இருந்த மருத்துவச்சி நம் வேதம் இல்லை, சாமியாருக்கு ஆள் போய்த் திரும்புவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்துக்குள் இடம் தர மாட்டார்கள் அந்தக் காலத்தில். மோட்சமும் இல்லை என்பார்கள். சுவருக்கு வெளியே குழி வெட்டி வைத்துவிட்டு வந்தார்கள். கப்பல் ஏறுவதற்கு முதல்நாள் அவள் போய், தலைமாட்டு மண்ணை ஒரு பிடி அள்ளி முடிந்துகொண்டாள். தனியாக அங்கே விட்டுவிட்டு வர மனசு வரவில்லையாம்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மெல்ல மெல்லப் பார்வை இறங்கி என் வயிற்றில் நின்றது.

“அப்ப அவன் இப்ப யாருகிட்டக்கா இருக்கான்?” என்று கேட்டாள்.

கப்பல் வந்தது, போயிற்று. அவளை யாரும் அனுப்பவில்லை. தினமும் தூங்கினாள், உடம்பு தேறினாள், அழுகை கேட்கிறது என்று அதற்குப் பிறகு ஒருநாளும் சொல்லவில்லை. கேட்டது எனக்கு. அழுகைகூட இல்லை, அழுது ஓய்ந்த பிள்ளை தூக்கத்தில் ஒரு தடவை விசும்புமே, அந்த ஒரு விசும்பல். வேலையில் இருக்கும்போது வரும். திரும்பிப் பார்த்தால் சின்னவள் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். “மண் மண்தான் அம்மா. இறந்தவர்கள் அதில் இல்லை. தெரியாமல் செய்தது பாவமாகாது” என்று சொல்லி, செபமாலை சொல்லச் சொன்னார். சொன்னேன், நம்பினேன். அடுத்த மாதம் நான் குளிக்கவில்லை. ஆறு வருஷத்துக்குப் பிறகு.

என் வீட்டுக்காரர் சந்து முழுக்க மிட்டாய் கொடுத்தார். பெண்கள் கைப்பிள்ளையோடு என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தார்கள். நானும் கம்பீரமாகத்தான் இருந்தேன். உள்ளே மட்டும் ஒரு கேள்வி, நெல்லில் கிடக்கிற கல் மாதிரி, எங்கே கை வைத்தாலும் தட்டுப்பட்டது. என் பிள்ளைதானா இது?

மூத்தவன் பிறந்த உடனே சின்னவள் என் கட்டிலருகே வந்து நின்றாள். “இன்னைக்கே ஞானஸ்நானம் குடுத்துருங்கக்கா. நாளைக்குன்னு வைக்காதீங்க” என்று கெஞ்சினாள். அவளையே ஞானத்தாயாக நிறுத்தி, அன்றைக்கே அனுப்பிவைத்தோம். என் மாமனார் பெயரை வைப்பதாகத்தான் பேச்சு. திரும்பி வந்தபோது பிள்ளைக்கு வேறு பெயர் இருந்தது. சாமியார் கேட்டதும் அவள் வாயில் வந்துவிட்டதாம். “இந்தப் பேரத்தான்கா அப்பவும் நெனச்சு வச்சிருந்தேன்” என்று என் காதோடு சொல்லிவிட்டுப் பிள்ளையைக் கிடத்தினாள்.

பிள்ளை தூங்கவில்லை. வசம்பு சுட்டு உரைத்தேன், ஜாதிக்காயைத் தாய்ப்பாலில் பட்டும் படாமலும் இழைத்துத் தொட்டு வைத்தேன், தொட்டிலுக்கடியில் நொச்சி வைத்தேன். பினாங்கிலேயே பிறந்த பிள்ளை, நேற்றுக் கப்பலில் வந்து இறங்கியது போல, திறந்த கண்ணோடு இந்த வீட்டைப் பார்த்துக்கொண்டே கிடந்தான். ஒரு மத்தியானம் களைத்துப்போய் நானே அழுதுகொண்டிருந்தபோது சின்னவள் வந்து, “குடுங்கக்கா” என்றாள். அந்தத் தலையணையில் கிடத்தி, கரையில் இறங்கிய அன்று தட்டினாளே, அதே தட்டு தட்டினாள். நாலு தட்டில் தூங்கிவிட்டான். முழித்தால் என்னைத்தான் தேடுவான், என்னிடம்தான் பால் குடிப்பான், என்னைப் பார்த்துத்தான் சிரிப்பான். தூங்கும்போது நான் தொட்டால் உடனே கண்ணைத் திறந்து, தெரியாத வீட்டுப் பெண்ணைப் பார்ப்பது போல என்னைப் பார்ப்பான். இரண்டு வருஷம் அப்படித்தான் போயிற்று. வெளியே யாருக்கும் ஒன்றும் தெரியாது. ‘சித்தி மேல உசுரு’ என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

கடைசியில் கொழுந்தன் பயந்தது நடந்தது. தொங்கானுக்கும் கப்பலுக்கும் நடுவே கால் மாட்டி நசுங்கியது. இனி வேலை இல்லை, ஊருக்குப் போக வேண்டியதுதான் என்று ஆயிற்று. கப்பலுக்கு நாள் குறித்ததிலிருந்து எனக்கு ஒரே நினைப்பு. அவள் கேட்பாள். ஞானத்தாய், பெயர் வைத்தவள், தூங்க வைக்கிறவள், ‘என் பிள்ளையைக் கொடு’ என்று கேட்பாள். தர மாட்டேன், நான் சுமந்தேன், நான் பெற்றேன் என்று அரிசி புடைக்கும்போதும் பாத்திரம் விளக்கும்போதும் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். ஆனால் ஒன்று மட்டும் எனக்கே தெரிந்தது. ‘அக்கா, அவன் யாருகிட்ட இருக்கான்?’ என்று அவள் மறுபடி கேட்டால், என்னிடம் பதில் இல்லை.

அவள் கேட்கவில்லை. புறப்படுகிற அன்று மூட்டை கட்டியானதும் பிள்ளையைத் தலையணையில் கிடத்தித் தூங்க வைத்தாள். எழுந்து வெறுங்கையோடு வாசலுக்கு வந்தாள். “தலையணை?” என்றேன். “அவனோட மண்ணு பட்ட துணி அதுக்குள்ளதான்கா இருக்கு. அது இருந்தா தூங்குவான்” என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். “முழிச்சிருக்கிற நேரமெல்லாம் அவன் உங்க புள்ளக்கா. நான் உரிமை கொண்டாட மாட்டேன். தூங்குற நேரம் மட்டும் எம்புள்ள. அப்ப அவன எழுப்பாதீங்க.” தலையை ஆட்டினேன். வாழ்க்கையில் நான் போட்ட ஒரே ஒப்பந்தம் அதுதான்.

ஊருக்குப் போய் அவளுக்கு வேறு பிள்ளைகள் பிறந்தன என்று கேள்வி. வருஷத்துக்கு ஒரு கடிதம், யாரையாவது பிடித்து எழுதச் சொல்லி வரும். எல்லாக் கடிதத்திலும் கடைசி வரி ஒன்றுதான். பெரியவன் தூங்குகிறானா? நான் என் கோணல் எழுத்தில் ‘தூங்குகிறான்’ என்று எழுதிப் போடுவேன். ஒரு வருஷம் கடிதம் வரவில்லை. அதற்கப்புறம் வரவே இல்லை.

இப்போது மூத்தவனுக்கு அறுபத்திரண்டு வயது. தலை நரைத்துவிட்டது, வேலையிலிருந்து ஓய்வு வாங்கிவிட்டான். நல்ல பிள்ளை. என்னைக் கோயிலுக்குக் கூட்டிப் போகிறவன் அவன்தான், நான் எதைச் சொன்னாலும் எதிர்த்துப் பேசாதவன் அவன்தான். எங்கே வெளியூர் போனாலும் அந்தத் தலையணை அவன் பையில் போகும். பெண்டாட்டியும் பிள்ளைகளும் கேலி செய்வார்கள், அவனும் சிரிப்பான். ஏன் என்று அவன் என்னைக் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அவன் தூங்கும்போது அறை வாசல்வரை போய் நிற்பேன். உள்ளே போய் ஒருநாளும் அவன் தலையைத் தடவியதில்லை. அறுபது வருஷமாக என் மகனைத் தூக்கத்தில் தொடாதவள் நான்.

பேத்தியே, நீ அந்தத் தலையணையைத்தான் கேட்டாய். அது தரக்கூடியது இல்லை. அதனால்தான் உனக்குப் புதிது தைத்து வைத்திருக்கிறேன். இலவம் பஞ்சும், நம் பின்கட்டு மருதாணியின் பூவும்தான் அதில் இருக்கிறது, அமுக்கிப் பார்த்துக்கொள். பால் குடி, காலுக்கு எண்ணெய் தேய், வெளியூரில் மேற்கே தலை வை. தூக்கம் வரும், உனக்கு வராமல் போகக் காரணம் எதுவும் இல்லை. அதையும் மீறி வராவிட்டால் மருந்தைக் கூட்டாதே. எங்கே யாரை விட்டுவிட்டு வந்தாய் என்று யோசி.

எழுதி முடித்துவிட்டேன். என் எழுத்து எனக்கே தெரியவில்லை, கண் மங்கிவிட்டது. சரியாக வந்திருக்கிறதா என்று ஒரு தடவை படித்துக் காட்டு. முதலிலிருந்து படி, நிறுத்தாமல் படி. ஆனால் சத்தம் போடாதே. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உன் அப்பன் அடுத்த அறையில் தூங்குகிறான். இப்போது அவனை எழுப்ப எனக்கு உரிமை இல்லை.